பிரமாதம்: ஒரு சொல்லும் ஒரு பாடமும்

வடமொழியிலிருந்து தென்மொழிகளுக்கு வந்த சொற்களுள் சில, வந்த இடத்தில் பொருள் மாறி வாழ்வதுண்டு. அத்தகைய சொற்களுள் ஒன்று ‘பிரமாதம்’. தமிழர் ஒரு கச்சேரியைக் கேட்டு மகிழ்ந்தால் ‘பிரமாதம்’ என்பர். பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாத செய்தியைக் குறித்து ‘அது ஒன்றும் பிரமாதமில்லை’ என்பர். ஆனால் ஹைதராபாத் நகரில் காலையில் தெலுங்கு நாளிதழைப் பிரிப்பவர் கண்ணில் இதே சொல் படும்போது அது மகிழ்ச்சிச் செய்தியாக இராது. தெலுங்கில் ‘பிரமாதம்’ என்றால் விபத்து; ஆபத்து.

மூலமான வடமொழியில் இச்சொல்லுக்குரிய பொருள் கவனமின்மை, அசட்டை, செய்ய வேண்டியதை மறந்திருத்தல் என்பதாகும். இம்மூன்று பொருள்களையும் அருகருகே வைத்து நோக்கினால் ஒரு பாடமே விளங்குகிறது. மூல மொழி காரணத்தைச் சொல்கிறது. தெலுங்கு விளைவைச் சொல்கிறது. காரணத்திற்கும் விளைவுக்கும் இடையே மனிதன் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தைத் தமிழ் சொல்லிவிடுகிறது: ‘ஒரு நிமிடம் கைப்பேசியில் பேசினால் என்ன? அது ஒன்றும் பிரமாதமில்லை!’

சாஸ்திரங்கள் இக்குறையை மிகக் கடுமையாக எடுத்துக்கொண்டுள்ளன. பதஞ்சலி முனிவர் யோகத்திற்குத் தடையாக எண்ணிய ஒன்பதில் பிரமாதமும் ஒன்று. கீதையின் பதினான்காம் அத்தியாயம் தமோகுணம் உயிரைக் கட்டும் கயிறுகளாகப் பிரமாதம், சோம்பல், உறக்கம் ஆகிய மூன்றைக் கூறுகிறது. தைத்திரீய உபநிஷதத்தில், கல்வி முடித்து வீடு திரும்பும் மாணவனுக்கு ஆசாரியர் அளிக்கும் உபதேசத்தில், எதிலும் கவனம் பிசகாதே என்ற எச்சரிக்கை மீண்டும் மீண்டும் ஒலிக்கிறது. மகாபாரதத்தில் சனத்சுஜாதர் திருதராஷ்டிரனுக்கு உபதேசிக்கையில், மரணம் என்பதே பிரமாதந்தான் என்ற அளவுக்குச் செல்கிறார். திருவள்ளுவரும் ‘பொச்சாவாமை’ என்று இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார்.

சனத்சுஜாதர் கூறியது ஆத்ம ஞானத்தைப் பற்றியது என்பது உண்மையே. எனினும் நெடுஞ்சாலையில் அக்கருத்து அப்படியே, சொல்லுக்குச் சொல், மெய்யாகி நிற்கிறது.

2018, ஆகஸ்ட் 29

தெலுங்கு மக்கள் பெரிதும் போற்றிய நடிகரும் அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் முதலமைச்சருமாக விளங்கிய என்.டி. ராமாராவின் மைந்தர் நந்தமூரி ஹரிகிருஷ்ணா. அவரும் நடிகர், மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தவர். 2018-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29-ஆம் நாள் விடியற்காலை, நெல்லூர் மாவட்டத்தில் நடைபெறவிருந்த ஒரு திருமணத்திற்காக ஹைதராபாத்திலிருந்து காரில் புறப்பட்டார். உடன் இருவர் வந்தனர். காரைத் தாமே ஓட்டினார்.

நல்கொண்டா அருகே கார் கட்டுப்பாட்டை இழந்தது. சாலை நடுவிலுள்ள தடுப்பில் மோதிப் புரண்டது. ஹரிகிருஷ்ணா வெளியே தூக்கி எறியப்பட்டார். மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்பட்டும் உயிர் தங்கவில்லை. இருக்கைப் பட்டை அணிந்திருக்கவில்லை. வேகமும் மிகுதியாக இருந்தது. தண்ணீர்ப் புட்டியை எடுக்க முயன்ற கணத்தில் கார் கை மீறிப் போயிற்று என்று விபத்துக்குப் பின் செய்திகள் வெளிவந்தன. அறுபத்திரண்டாம் பிறந்த நாளுக்கு நான்கு நாட்களே இருந்தன.

இங்கு நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஹரிகிருஷ்ணா வண்டி ஓட்டத் தெரியாதவர் அல்லர். 1982-இல் ராமாராவ் தெலுங்கு தேசம் கட்சியைத் தொடங்கி மாநிலம் முழுவதும் சுற்றி வந்தபோது, ‘சைதன்ய ரதம்’ என்று பெயரிடப்பட்ட வாகனத்தின் மீது நின்று மக்களிடம் பேசினார். அந்த ரதத்தின் சாரதியாக இருந்தவர் ஹரிகிருஷ்ணாவே. ஊர் ஊராக, இரவும் பகலும், மக்கள் வெள்ளத்தின் நடுவே, பல்லாயிரம் கிலோமீட்டர் அந்த வாகனத்தைப் பத்திரமாக ஓட்டினார். ‘சைதன்யம்’ என்ற சொல்லுக்கு உணர்வு, விழிப்பு என்று பொருள். விழிப்பின் பெயர் தாங்கிய தேரை அவ்வளவு தூரம் ஓட்டிய கை அது.

இதை நினைவு கூர்வது மறைந்தவரிடம் குறை காண்பதற்காக அன்று. தாகம் எடுப்பது இயல்பு. தண்ணீரை நோக்கிக் கை நீள்வதும் இயல்பு. இதில் பாவமும் இல்லை, தீய எண்ணமும் இல்லை. அதனால்தான் இந்நிகழ்ச்சி எல்லோருக்கும் பாடமாகிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவனின் கதையைக் கேட்டால், ‘அது வேறு யாரோ’ என்று மனம் ஒதுக்கிவிடும். தண்ணீருக்காகக் கை நீட்டியவரின் கதையில் ஒவ்வொருவரும் தம்மைக் காணலாம்.

திறமை வைக்கும் கண்ணி

புதிதாக ஓட்டக் கற்றவன் அஞ்சி அஞ்சி ஓட்டுகிறான். அவன் மனம் முழுவதும் சாலையில் இருக்கிறது. பழகப் பழகக் கையும் காலும் தாமே இயங்கத் தொடங்குகின்றன. மனத்திற்கு ஓய்வு கிடைக்கிறது. ஓய்வு கிடைத்த மனம் சும்மா இருப்பதில்லை. அலுவலகத்திற்கும் வீட்டிற்கும் நேற்றைய சண்டைக்கும் நாளைய செலவுக்கும் ஓடுகிறது. நூறு முறை ஒன்றும் நேராததால், நூற்றோராவது முறையும் ஒன்றும் நேராது என்று புத்தி நம்பிவிடுகிறது. ஆக, திறமை வளர வளரப் பிரமாதத்திற்கு இடம் விரிகிறது.

இதற்கு ஆன்மிக வாழ்விலும் ஒப்புமை உண்டு. விவேகசூடாமணியில், படிக்கட்டின் உச்சியில் விளையாடுபவன் கையிலிருந்து நழுவிய பந்து உவமையாகக் கூறப்படுகிறது. பந்து முதற்படியோடு நிற்பதில்லை. படி படியாகக் குதித்து அடிவரை செல்கிறது. கவனம் நழுவிய மனமும் அப்படியே. உவமையில் பந்து உச்சிப் படியிலிருந்து நழுவுகிறது என்பது நோக்கத்தக்கது. நெடுநாள் ஜபம் செய்து பழகியவருக்கே, உதடு மந்திரத்தைச் சொல்ல மனம் கடைவீதியில் திரியும் ஆபத்து மிகுதி.

இரண்டு விநாடியின் நீளம்

‘ஒரு கணந்தானே’ என்பவர், அந்தக் கணத்தை அடிக்கணக்கில் அளந்து பார்க்க வேண்டும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒவ்வொரு விநாடியும் ஏறத்தாழ 22 மீட்டர் கடக்கிறது. கைப்பேசியில் வந்தது யாருடைய அழைப்பு என்று பார்க்க இரண்டு விநாடி ஆகும் எனக் கொண்டால், 44 மீட்டர் தூரத்திற்கு அந்த வாகனத்தை யாரும் ஓட்டவில்லை. ஒரு நடுத்தரக் கோயிலின் கோபுர வாசலிலிருந்து கொடிமரத்தையும் தாண்டும் தூரம் அது. அவ்வளவு தூரம் கண்களைக் கட்டிக்கொண்டு ஓட்ட எவரேனும் சம்மதிப்பரோ? வேகம் இருமடங்கானால் மோதலின் சக்தி நான்கு மடங்காகும் என்பதையும் இதனுடன் சேர்த்து எண்ண வேண்டும்.

கவனச் சிதறல் மூன்று வகையில் நேர்கிறது. கண் சாலையை விட்டு அகல்வது ஒன்று. கை சுக்கானை விட்டு அகல்வது இரண்டாவது. மனம் அகல்வது மூன்றாவது. முதல் இரண்டையும் பிறர் பார்க்க முடியும். காவலரும் பிடிக்க முடியும். மூன்றாவதை ஓட்டுபவர் மட்டுமே அறிவார். பல சமயம் அவரும் அறியார். கைப்பேசியைக் கையில் பிடிக்காமல் காதில் கருவி மாட்டிக்கொண்டு பேசினால் தீங்கில்லை என்று பலர் எண்ணுகின்றனர். அப்போதும் கவனம் சிதறுகிறது என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. கண் திறந்திருக்கிறது, எதிரே இருப்பது கண்ணில் படுகிறது, ஆயினும் மனம் அதைக் காண்பதில்லை. வண்டி ஓட்டுகையில் கைப்பேசியைப் பயன்படுத்துவோர் விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

நம் நாட்டில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர் என்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு. அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 460 பேர். அவ்வாண்டு இருக்கைப் பட்டை அணியாததால் இறந்தோர் 16,715 பேர்; அவர்களுள் ஏறத்தாழ பாதிப்பேர் ஓட்டுநர்கள் அல்லர், உடன் பயணம் செய்தவர்கள். இவை வெறும் எண்கள் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னும், வாசலில் விளக்கேற்றி வைத்துக் காத்திருந்த ஒரு வீடு உண்டு.

அவதானி எட்டுச் செயல் செய்கிறாரே?

இங்கு ஓர் ஐயம் எழலாம். தெலுங்கு நாட்டில் அஷ்டாவதானம், சதாவதானம் என்னும் அரிய கலை இன்றும் போற்றப்படுகிறது. தமிழகத்திலும் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். ஒரே சமயத்தில் எட்டும் நூறும் கவனிக்க மனத்தால் இயலுமாயின், வண்டி ஓட்டிக்கொண்டே பேசுவதில் என்ன தவறு?

அவதானம் நிகழும் முறையை உற்று நோக்கினால் விடை கிடைக்கும். அவையில் ஒருவர் ஈற்றடி கொடுப்பார். ஒருவர் இன்ன எழுத்து வரக்கூடாது என்பார். ஒருவர் இடையிடையே மணியடிப்பார், அவ்வொலியை அவதானி எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். ‘அப்ரஸ்துத பிரசங்கம்’ என்று ஒரு பகுதி உண்டு. அதற்குரியவரின் வேலையே, தொடர்பில்லாத பேச்சைப் பேசி அவதானியின் கவனத்தைக் கலைப்பது! அவதானி அவருக்கும் புன்னகையோடு விடை கூறுவார். ஆனால் நூலிழையை விடமாட்டார். இறுதியில் எல்லாப் பாடல்களையும் நினைவிலிருந்து முழுமையாகச் சொல்லி முடிப்பார். இவ்வாற்றல் பல்லாண்டுத் தவத்தின் பயன். அவருடைய மனம் எட்டாகச் சிதறவில்லை. எட்டையும் ஒன்றில் கட்டிவைத்திருக்கிறது. அவர் பிழை செய்தால் ஒரு சீர் கெடும், வேறொன்றும் நேராது. சாலையில் செல்பவருக்குக் கைப்பேசியே அப்ரஸ்துத பிரசங்கி. அங்கு பிழை நேர்ந்தால் கெடுவது பாட்டன்று, உயிர்.

ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய உவமை ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. அவல் இடிக்கும் பெண் ஒரு கையால் உரலில் நெல்லைத் தள்ளுகிறாள், குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், வாடிக்கைக்காரனிடம் கணக்கும் பேசுகிறாள். எனினும் அவள் மனத்தின் பெரும்பகுதி உலக்கையின் மேல் இருக்கிறது. கை நசுங்கிவிடும் என்பதை அவள் ஒரு கணமும் மறப்பதில்லை. உலகில் இருந்துகொண்டே மனத்தின் பெரும்பகுதியை இறைவனிடம் வைக்க வேண்டும் என்பதற்காக அவர் கூறியது அது. வண்டி ஓட்டுபவருக்குச் சாலையே உலக்கை. பேச்சு மும்முரமாகி உலக்கை மறந்துபோகுமாயின் அந்த உவமையை அவர் துணைக்கு அழைக்க இயலாது.

தேரும் தேரோட்டியும்

கடோபநிஷதம் உடலைத் தேர் என்றும், புத்தியைச் சாரதி என்றும், மனத்தைக் கடிவாளம் என்றும், இந்திரியங்களைக் குதிரைகள் என்றும் உருவகிக்கிறது. தேருக்குரியவன் ஆத்மா. நல்ல சாரதி இல்லாத தேர் பிறவிச் சாலையில் மீண்டும் மீண்டும் விழும். விழிப்புள்ள சாரதி வாய்த்த தேர் பயணத்தின் முடிவை அடையும். பகவான் குருக்ஷேத்திரத்தில் தாமே கடிவாளத்தைப் பிடித்தார். கீதையின் தொடக்கத்தில் ‘தேரை இரு படைகளுக்கும் நடுவே நிறுத்து’ என்று அர்ஜுனன் கேட்டதும், பார்த்தசாரதி முதலில் தேரைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். உபதேசம் அதன் பின்னரே தொடங்குகிறது. உலகிற்கெல்லாம் பொதுவான அந்தப் பேச்சு நின்ற தேரில் நிகழ்ந்தது. அதைவிட அவசரமான பேச்சு எவரிடம் இருக்கக்கூடும்? வண்டியை ஓரமாக நிறுத்திப் பேசலாம்.

விபத்துக்குப் பின் மனிதர்கள்

ஒரு மரணம் எத்தகையதோ அத்தகையதே அதற்குப் பின் மனிதர் நடந்துகொள்ளும் முறையும். அதுவும் ஒரு பாடம். ஹரிகிருஷ்ணாவின் மறைவைச் சுற்றி நடந்தவற்றில் மனித மனத்தின் பல நிலைகளும் வெளிப்பட்டன.

முதல் நிலை வேடிக்கை. அவர் உயிர் பிரிந்த மருத்துவமனையில் பணியாளர் சிலர் உடலருகே நின்று கைப்பேசியில் தம்மைப் படம் எடுத்துக்கொண்டனர். அப்படம் எங்கும் பரவி மக்கள் கொதித்தனர். நிர்வாகம் மன்னிப்புக் கேட்டு அவர்களைப் பணியிலிருந்து நீக்கியது. அவர்களைப் பழிப்பது எளிது. ஆனால் விபத்து நடந்த இடத்தில் ஓடிச்சென்று தூக்குபவர் எத்தனை பேர், கைப்பேசியை உயர்த்துபவர் எத்தனை பேர் என்று கணக்கிட்டால், அந்த நோய் ஒரு மருத்துவமனையோடு நிற்கவில்லை என்பது தெரியும். ஓட்டும்போது கண்ணுக்கும் சாலைக்கும் இடையே வந்து நின்ற அதே கருவி, இப்போது மனிதனுக்கும் மனிதனின் துன்பத்திற்கும் இடையே வந்து நிற்கிறது. இரண்டும் பிரமாதமே, முன்னது உயிரைக் கொல்கிறது, பின்னது இரக்கத்தைக் கொல்கிறது.

இரண்டாம் நிலை பழி. 2014-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் நாள் மேதக் மாவட்டம் மாசாயிபேட்டையில், ஆளில்லா ரயில்வே கேட்டைக் கடந்த பள்ளிப் பேருந்தின் மீது நாந்தேடிலிருந்து செகந்திராபாத் சென்ற ரயில் மோதியது. பதினைந்துக்கும் மேற்பட்ட குழந்தைகளும் ஓட்டுநரும் மாண்டனர். ஓட்டுநர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருந்தார் என்று நேரில் கண்டவர்கள் கூறியதாகச் செய்திகள் வந்தன. கேட்டில் ஆள் இல்லாதது ஏன் என்று மக்கள் ரயில்வேயைக் கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவை. பழி தேடுவது பயனுள்ளதாக வேண்டுமானால், அது மறுமுறை நேராமல் தடுப்பதில் முடிய வேண்டும். அகல ரயில் பாதைகளில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரிக்குள் நாடு முழுவதும் அகற்றப்பட்டன. ஓட்டுபவரின் மனத்திலுள்ள ஆளில்லாக் கேட்டை அகற்றுவதோ எந்த அரசாலும் ஆகாது. அது அவரவர் செய்ய வேண்டிய பணி.

மூன்றாம் நிலை விதி. ‘எழுதி வைத்தது நடந்தது’ என்று கூறி ஆறுதல் அடைவோர் பலர். துக்கத்தில் இருப்பவர் அவ்வாறு கூறினால் அதை மறுத்துப் பேசலாகாது. ஆனால் சுக்கானைப் பிடித்திருப்பவர் அவ்வாறு எண்ணுவது ஆபத்து. கீதை பதினெட்டாம் அத்தியாயத்தில், எச்செயலுக்கும் ஐந்து காரணங்கள் உள்ளன என்று பகவான் கூறுகிறார். செயலுக்கு இடமான உடல், செய்பவன், பலவகைக் கருவிகள், பலவகை முயற்சிகள், ஐந்தாவதாகத் தெய்வம். தெய்வத்தை அவர் விலக்கவில்லை. ஆனால் ஐந்தாவதாக வைத்தார். கண்ணும் கையும் பிரேக்கும் இருக்கைப் பட்டையும் கருவிகளில் அடங்கும். முதல் நான்கையும் கைவிட்டவன் ஐந்தாவதன் மேல் பாரத்தைப் போடுவது சரணாகதி ஆகாது.

மறுபுறம், விபத்தில் இறந்தோர் எல்லோரும் கவனமற்றவர் என்று முடிவு கட்டுவதும் தவறு. பிறர் பிழையால் மாள்வோர் உண்டு. சாலையின் குறையால் மாள்வோர் உண்டு. ஹரிகிருஷ்ணாவின் மூத்த மகன் ஜானகிராம் 2014 டிசம்பரில், அவர் சென்ற வாகனம் டிராக்டருடன் மோதியதில் இறந்தார். மற்றொரு மகனான ஜூனியர் என்.டி.ஆர். 2009 மார்ச்சில் தேர்தல் பிரசாரத்திலிருந்து திரும்புகையில் சூர்யாபேட்டை அருகே விபத்தில் பலத்த காயமுற்றுப் பிழைத்தார். மூன்றுமே அன்றைய நல்கொண்டா மாவட்ட எல்லைக்குள் நிகழ்ந்தவை. ஒரு குடும்பத்தின் மீது இத்தனை இடி ஏன் என்ற கேள்விக்கு மனித அறிவில் விடை இல்லை. துக்க வீட்டிற்குச் செல்பவர் ‘பட்டை அணிந்திருக்கலாமே’ என்று சொல்லாதிருப்பதே தர்மம். அந்த வாக்கியத்தை அவர்கள் இரவெல்லாம் தாமே சொல்லிக்கொண்டிருப்பர். அருகில் மௌனமாக அமர்வதும், சமைத்த உணவைக் கொண்டுபோய் வைப்பதும், பத்து நாள் கழிந்து எல்லோரும் போன பின் மறுபடியும் செல்வதுமே அங்கு செய்யத்தக்க தொண்டு.

நான்காம் நிலை, துயரைத் தொண்டாக மாற்றுதல். ஜானகிராம் மறைந்த பின் அவர் தம்பியர் தம் திரைப்படங்களின் தொடக்கத்தில், வீட்டில் காத்திருப்போரை நினைத்துக் கவனமாக ஓட்டுமாறு மக்களை வேண்டும் செய்தியை இடம்பெறச் செய்தனர். ரசிகர் கூட்டங்களில் பேச்சை முடிக்கையில், ‘பத்திரமாக வீடு போய்ச் சேருங்கள்’ என்று ஜூனியர் என்.டி.ஆர். கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. தம் வீட்டில் அணைந்த விளக்கைக் காட்டிப் பிறர் வீட்டு விளக்கைக் காப்பது எளிய செயல் அன்று.

ஹரிகிருஷ்ணா தம் ரசிகர்களுக்கு எழுதியிருந்த கடிதம் ஒன்றும் அப்போது வெளிவந்தது. செப்டம்பர் 2-ஆம் நாள் வரும் தம் பிறந்த நாளுக்குப் பதாகைகளும் மாலைகளும் வேண்டாம், அந்தப் பணத்தைக் கேரள வெள்ளத்தில் துன்புற்றோருக்கு அளியுங்கள் என்பது அதன் சாரம். அவ்வாகஸ்டில் கேரளம் பெருவெள்ளத்தில் தத்தளித்துக்கொண்டிருந்தது. பிறர் துயரின் பால் அவ்வளவு விழிப்போடு இருந்த நெஞ்சம், தன் உடலைக் காக்கும் ஒரு பட்டையை மறந்தது. நல்லவராக இருப்பது மட்டும் போதாது; விழிப்பாகவும் இருக்க வேண்டும் என்ற இப்பாடத்தை அக்கடிதத்தைப் போல் உருக்கமாக வேறெதுவும் உணர்த்தவில்லை.

உதவிக்கு நீளும் கை

வழியில் விபத்தைக் காணும் அன்பர் செய்ய வேண்டியது என்ன? ‘காவல் நிலையம், நீதிமன்றம் என்று அலைய நேரிடும்’ என்ற அச்சத்தால் பலர் விலகிச் செல்கின்றனர். அந்த அச்சத்திற்கு இன்று இடமில்லை. 2016 மார்ச் 30-இல் உச்ச நீதிமன்றம் உதவி செய்வோரைப் பாதுகாக்கும் நெறிமுறைகளுக்கு உறுதியளித்தது. 2019-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டமும் அப்பாதுகாப்பைச் சட்டமாக்கியது. நல்லெண்ணத்தோடு உதவியவர் தம் பெயரைக் கூறவும் கட்டாயப்படுத்தப்படமாட்டார். 108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது ஹைதராபாத்தில்தான். பின்னர் அது பல மாநிலங்களுக்கும் பரவியது. விபத்துக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரத்தில் கிடைக்கும் சிகிச்சையே பெரும்பாலும் உயிரைத் தீர்மானிக்கிறது. கைப்பேசிக்கு உகந்த பயன் ஒன்று உண்டென்றால் அது அந்த மூன்று எண்களை அழுத்துவதே.

சாதனையாகும் பயணம்

சுவாமி விவேகானந்தர் 1893 பிப்ரவரியில் ஹைதராபாத்துக்கு வந்து, செகந்திராபாத் மெஹபூப் கல்லூரியில் உரையாற்றினார். மேலைநாட்டுப் பயணத்திற்கு முன் அவர் ஆற்றிய பொது உரை அது. கல்வியின் சாரமே மன ஒருமைப்பாடு என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. பூஜையறையில் அரைமணி நேரம் மனத்தைக் குவிக்க முயல்பவர், பின்னர் ஒரு மணி நேரம் அதைச் சாலையில் சிதறவிட்டால் லாபம் எங்கே? சாலையையே பூஜையறை ஆக்கலாம். அதற்குச் சில எளிய பழக்கங்கள் உதவும்.

1. வண்டியைக் கிளப்பும் முன் ஒரு மூச்சு நேரம் அமைதியாக அமர்தல். இருக்கைப் பட்டையை அணியும்போது இஷ்டதெய்வத்தின் நாமத்தை ஒருமுறை நினைத்தல். பின்னிருக்கையில் அமர்ந்தோரும் அணிந்த பின்னரே புறப்படுதல்.

2. கைப்பேசியை ஒலி அடக்கி, கைக்கு எட்டாத இடத்தில் வைத்தல். தண்ணீர், சில்லறை, கண்ணாடி முதலியவற்றை உடன் வருபவர் பொறுப்பில் விடுதல். தனியே செல்பவர், தாகம் எடுத்தால் ஓரமாக நிறுத்திப் பருகுதல்.

3. மனம் அலைந்ததை அறிந்த கணத்தில் அதை வெறுப்பின்றிச் சாலைக்குத் திருப்புதல். ஜபத்தில் மனத்தைத் திருப்பும் பயிற்சியும் இதுவும் ஒன்றே. ஆனால் ஓட்டும்போது தியானத்தில் ஆழ்த்தும் பஜனைப் பாடல்களைக் கேட்டுக் கண் கலங்குவது வேண்டாம். அப்போது சாலையே தியானப் பொருள்.

4. வண்டி ஓட்டுபவரை அழைக்காதிருத்தல். அழைத்த பின் அவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தால், ‘பிறகு பேசுகிறேன், பத்திரமாகப் போய் வா’ என்று உடனே வைத்துவிடுதல். தாயும் மனைவியும் மேலதிகாரியும் இதைக் கடைப்பிடித்தாலே பல உயிர்கள் பிழைக்கும்.

5. யாத்திரைக்கு வாடகை வண்டி அமர்த்துவோர், ஓட்டுநர் உறங்கி எழுந்தவரா என்று கேட்டல். திருப்பதிக்கோ ஸ்ரீசைலத்திற்கோ விடியலுக்குள் சேர வேண்டும் என்று அவரை இரவெல்லாம் விரட்டுவது பக்தி ஆகாது. தரிசனம் இரண்டு மணி நேரம் தாமதமானால் இறைவன் கோபிப்பதில்லை.

இறுதியாக ஒரு சொல், எவரும் பேசத் தயங்கும் ஒருவரைப் பற்றி. ஒரு கணக் கவனக்குறைவால் பிறர் உயிரிழக்கக் காரணமானவரும் சத்சங்கத்திற்கு வரக்கூடும். சட்டம் அவருக்குரியதைச் செய்யும். அதிலிருந்து அவர் ஒளியலாகாது. அதன் பின்னும் அவர் நெஞ்சில் ஒரு தீ எரிந்துகொண்டிருக்கும். உண்மையை மறைக்காமல் ஒப்புக்கொள்வதும், பாதிக்கப்பட்ட குடும்பத்திற்கு வாழ்நாள் முழுதும் இயன்றதைச் செய்வதும், தம் பிழையைச் சொல்லிப் பிறரை எச்சரிப்பதுமே அவருக்கு வாய்த்த பிராயச்சித்தம். அவரைக் கல்லெறிந்து விரட்டுவதைவிட, அன்று மாலை தம் கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு வண்டியைக் கிளப்புவதே மற்ற அன்பர்கள் கற்க வேண்டிய பாடம். அவருக்கும் மற்றவர்களுக்கும் இடையேயுள்ள தூரம், பல சமயம், நாற்பத்து நான்கு மீட்டர் மட்டுமே.

சத்சங்கத்தில் சிந்திக்க

1. கடந்த வாரத்தில் வண்டி ஓட்டும்போது மனம் சாலையை விட்டு அகன்ற தருணங்கள் எவை? அப்போது அதை இழுத்துச் சென்றது எது?

2. சரணாகதிக்கும் அசட்டைக்கும் உள்ள வேறுபாட்டை, செயலின் ஐந்து காரணங்களைக் கொண்டு விளக்குக.

3. துக்க வீட்டில் சொல்லத்தக்கவை எவை, சொல்லத்தகாதவை எவை?

4. வீட்டிலுள்ள எவருக்கு, எந்நேரத்தில் அழைப்பதில்லை என்று இன்று உறுதி கொள்ளலாம்?